உறையை ஒட்டியது யார்?

ஆய்வுக் கட்டுரைகளைத் தயார் செய்து இதழ்களுக்கு அனுப்பும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். பக்க ஓரம் எவ்வளவு விடுவது, படத்துக்குக் கீழே எந்த அளவில் எழுதுவது என்பதெல்லாம் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். அதற்கு நான் தேவையில்லை. நான் சொல்ல வந்தது இதுதான்: கட்டுரை நம் இடத்தை விட்டுக் கிளம்பும்போது, அதைக் கடைசியாகத் தொட்டது யார் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எழுதியவரை எல்லோருக்கும் தெரியும். உறையை ஒட்டியவரை யாரும் கேட்பதில்லை.

என் அப்பா மராட்டியப் பக்கம் கட்கி தொழிற்சாலையில் கடைசல் வேலை பார்த்தவர். நான் தட்டச்சு கற்று, தளேகாவ் தாண்டி இருந்த ஒரு சிறிய ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தேன். எனக்கு ஆங்கிலம் விரல் வழியாக வந்தது. விஞ்ஞானம் காது வழியாக. புரியாததைக் கேட்பேன், அவர்களும் சொல்வார்கள். ஆராய்ச்சி செய்கிறவரிடம் போய் "இது என்ன சார்?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். புது மருமகள் மாமியாரைப் பற்றிச் சொல்வதுபோல நிறுத்தாமல் சொல்வார்கள். தமிழர், மராட்டியர் எல்லோருக்கும் நான் 'அண்ணா'தான்.

எங்கள் பிரிவுத் தலைவரை சாஹேப் என்போம். அவருக்கு முன்பு ஒரு சூடு விழுந்திருந்தது. வெளிநாட்டு இதழ் ஒன்றுக்கு அவர் அனுப்பிய கட்டுரை மாதக்கணக்கில் அங்கே கிடந்து, வேண்டாம் என்று திரும்பி வந்தது. கொஞ்ச நாளில் கிட்டத்தட்ட அதே முடிவு வேறு யாரோ பெயரில் அச்சாகிவிட்டது. திருட்டா, தற்செயலா என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் சாஹேப் அன்றிலிருந்து மாறிப்போனார். நான் தட்டச்சு செய்து முடித்ததும் கார்பன் தாள்களை அவரே வாங்கிக் கிழிப்பார். கணினி வந்த பிறகு ஃப்ளாப்பி அவர் சட்டைப் பையில் இருக்கும்.

உங்களுக்குத் தெரிந்த நடைமுறைதான்: இதழாசிரியர் கட்டுரையை அதே துறையில் இருக்கும் இரண்டு பேருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பார். அவர்கள் பெயரை நமக்குச் சொல்ல மாட்டார். இதைப் பற்றி சாஹேப் சொல்வது எனக்கு இன்னும் மறக்கவில்லை: "முகமூடி போட்டவனிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, வீடு பத்திரமா என்று அவனிடமே விசாரிக்கிறோம்."

அதனால் உறையை அவர்தான் ஒட்டுவார். ஒட்டிய வாயின் மேல் குறுக்காகக் கையெழுத்துப் போடுவார். தளேகாவ் தபால் ஆபீசுக்கு அவரே போய், பை கட்டி வண்டியில் ஏறும்வரை நிற்பார். ஒருநாள் கவுண்டரில் இருந்தவர், "சாஹேப், உள்ளே என்ன, பெண் கல்யாணத்து நகையா?" என்று மராத்தியில் கேட்டார். சாஹேப் சிரிக்கவில்லை. வெளியே வந்து, "அவன் ஏன் அதைக் கேட்டான்?" என்றார் என்னிடம்.

அவரிடம் ஆய்வு மாணவியாக இருந்தாள் கலைவாணி. தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் வேலை பார்த்தவரின் மகள், வீட்டில் வேலூர்ப் பக்கத் தமிழ். காலையில் நான் வரும் லோக்கல் ரயிலில் தேஹு ரோட்டில் ஏறுவாள். அவள் எடுத்துக்கொண்டது ஒரு பூஞ்சை. பூஞ்சை ஒன்றும் புதிது இல்லை, எந்த ஆய்வகத்திலும் கிடைக்கும். அதைக் குறிப்பிட்ட ஒரு சூட்டில் வளர்த்தால், வேறு மருந்துக்கு மசியாத சில கிருமிகளைக் கொல்லும் ஒரு பொருளைச் சுரக்கிறது என்று அவள் கண்டுபிடித்திருந்தாள். அந்தச் சூடு இருபத்தெட்டு டிகிரி. ஏறினால் பூஞ்சை நன்றாகத்தான் வளரும், பொருள் மட்டும் வராது. மொத்த விஷயமும் அந்த ஒரு எண்ணில்தான் இருந்தது.

அந்தக் கட்டுரை அச்சுக்குப் போனால்தான் அவளுடைய ஆய்வேட்டில் சாஹேப் கையெழுத்துப் போடுவார். எங்கள் இடத்து வழக்கம் அது. உதவித்தொகை மழைக்காலத்தோடு முடிகிறது. அப்பா ஓய்வு பெறப் போகிறார், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். "இது வரலன்னா பட்டமும் இல்ல, வீடும் இல்ல அண்ணா" என்று ரயிலில் ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள். பக்கத்தில் கொத்தமல்லிக் கட்டு வாங்கிக்கொண்டிருந்தாள், அதே குரலில்.

கட்டுரையை நான்தான் தட்டச்சு செய்தேன். அவள் வரி வரியாகப் படித்துச் சரி என்றாள். சாஹேப் ஃப்ளாப்பியை வாங்கிக்கொண்டு தன் அறையில் அச்செடுத்து, ஒட்டி, அனுப்பினார். சில மாதம் கழித்துத் திருத்தங்கள் கேட்டுப் பதில் வந்தது. சின்ன விஷயம் என்று சொல்லி அதையும் அவரே எழுதி அனுப்பினார். பிறகு ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. கலைவாணி பேடா வாங்கி வந்து கொடுத்தாள். சாஹேப் பேடாவை வாங்கிக்கொண்டு, "அச்சாகட்டும்" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு அவருக்கு நெஞ்சுவலி வந்து, இதய அறுவை சிகிச்சைக்காக மும்பையில் சேர்த்தார்கள். அவர் அங்கே இருக்கும்போது அச்சுக்குப் போகும் முன் நாம் சரிபார்க்க அனுப்பும் மெய்ப்பு, இயக்குநர் அறை ஃபாக்சில் வந்து விழுந்தது. இரண்டு நாளுக்குள் பார்த்துத் திருப்ப வேண்டும் என்று மேலே போட்டிருந்தது. கலைவாணி வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போனவள், கொஞ்ச நேரத்தில் என் மேஜைக்கு வந்து நின்றாள். மெய்ப்பின் ஒரு பக்கத்தை என் முன்னால் வைத்தாள்.

"அண்ணா, இந்தப் பக்கத்த நீங்க மாத்தினீங்களா?"

அவள் விரல் வைத்த இடத்தில் முப்பத்தேழு டிகிரி என்று இருந்தது.

நான் மாற்றவில்லை என்றேன். "அப்ப இது தானா மாறிச்சா?" என்றாள். அத்தனை வருஷம் என்னோடு ஒரே பெட்டியில் வந்தவள், என்னைத் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். குற்றம் சொல்லவில்லை. சாஹேப் கவனிக்காமல் என் கணினியில் தங்கிவிட்ட கோப்பைத் திறந்து காட்டினேன். இருபத்தெட்டுதான் இருந்தது. அவள் அதையும் உற்றுப் பார்த்துவிட்டு, "இத இப்ப மாத்தியிருக்கலாம்ல?" என்று மெதுவாகச் சொன்னாள். சொன்ன பிறகு அவளுக்கே சங்கடமாகிவிட்டது.

எனக்குக் கோபம் வரவில்லை, ஏனென்றால் அதற்குள் நான் இன்னொருவரைச் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தேன். குல்கர்ணி என்று எங்கள் பிரிவில் ஒரு விஞ்ஞானி. எங்களோடு போட்டி போடும் ஆய்வகம் ஒன்றிலிருந்து வந்தவர். இந்தக் கட்டுரையில் தன் பெயரையும் போடலாமே என்று கேட்டுப் பார்த்தவர், சாஹேப் முடியாது என்றுவிட்டார். சாஹேப் அறைச் சாவி இருக்கும் இடம் அவருக்குத் தெரியும். என் மனதில் வழக்கு முடிந்து தீர்ப்பும் எழுதியாகிவிட்டது.

கேன்டீனில் அவரிடம் போய்ச் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவர் அவல் போஹாவில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொண்டே, "என்னைச் சந்தேகப்பட வரிசை இருக்கிறது, அண்ணா. சாஹேப் ரொம்ப நாளாக முதலில் நிற்கிறார். நீங்கள் பின்னால் நில்லுங்கள்" என்றார் ஹிந்தியில். பிறகு தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவர் கேட்டதுதான் உருப்படியான கேள்வி: ஒரு எண் மாறியிருக்கிறது என்றால், மற்ற எண்கள் மாறவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

நானும் கலைவாணியும் மாற்றியது யார் என்று தேடிக்கொண்டிருந்தோம். மாறியது எது எது என்று யாரும் பார்க்கவில்லை.

அன்று பிற்பகல் முழுதும் கலைவாணி தன் கைக்குறிப்பை உரக்கப் படிக்க, குல்கர்ணி மெய்ப்போடு ஒப்பிட்டார். அவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டே அவரிடம் வேலை வாங்கினோம். அவரும் அது தெரிந்தே செய்தார். நடுநடுவே, "இதை நான் மாற்றவில்லை, இதையும் நான் மாற்றவில்லை" என்று கிண்டல் வேறு. மற்ற எல்லா எண்களும் சரியாக இருந்தன. அந்த ஒன்றுதான்.

சரி, அடித்துவிட்டு இருபத்தெட்டு என்று எழுதி அனுப்பவேண்டியதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். மெய்ப்பில் ஓர் எழுத்தைத் திருத்தலாம். முடிவையே தாங்கி நிற்கிற எண்ணை மாற்றினால் இதழாசிரியர் ஏன் என்று கேட்பார். அது எப்படி வந்தது என்று தெரியாமல் என்ன பதில் சொல்வது? தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் மும்பையில் கட்டிலில் இருந்தார். அறுவைக்கு இன்னும் நேரம் இருக்கிறது, பார்க்கலாம் என்று அவர் மனைவி தொலைபேசியில் சொன்னார்கள். மறுநாள் காலை ரயிலில் நானும் கலைவாணியும் போனோம். என் வீட்டுக்காரி டப்பாவில் எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்துவிட்டு, "உங்க ஆபீஸ்ல குழம்புல உப்பு கூடினாலும் யார் போட்டதுன்னு கமிட்டி வைப்பீங்க" என்றாள்.

சாஹேப் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். கலைவாணி மெய்ப்பை நீட்டியதும் அந்த எண்ணைப் பார்த்துச் சிரித்தார். நான் அவரோடு இருந்த காலத்தில் அப்படி ஒரு நிம்மதியான சிரிப்பை அவர் முகத்தில் பார்த்ததில்லை.

"அது நான் போட்ட பூட்டு" என்றார்.

ஹிந்தியும் ஆங்கிலமுமாக அவர் விளக்கினார். மதிப்பீட்டாளர் யாராக இருந்தாலும், படித்தவுடன் தன் ஆய்வகத்தில் செய்து பார்ப்பான். முப்பத்தேழில் வைத்தால் ஒன்றும் கிடைக்காது, விட்டுவிடுவான். ஏற்றுக்கொண்ட பிறகு, மெய்ப்பில் சரி செய்துவிடலாம். தட்டச்சுப் பிழை என்று ஒரு வரி எழுதினால் போதும். பெரிய பெரிய இடங்களிலேயே இப்படிச் செய்கிறார்களாம். யாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் சொன்னால் அது பூட்டே இல்லை.

தட்டச்சுப் பிழை என்றால் என் பிழை. அது எனக்குக் கொஞ்சம் உறைத்தது. இருந்தாலும் அந்தப் பெண்ணுக்காக அந்தப் பழியை எடுத்துக்கொள்ள நான் தயாராகத்தான் இருந்தேன். பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். பேனாவை எடுத்த பிறகுதான் ஒன்று தோன்றியது.

"சாஹேப், திருத்தம் கேட்டு வந்ததே, அதில் இந்தச் சூட்டைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லையா?"

அவர் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார். ஒருவர் கேட்டார் என்றார். இந்தச் சூட்டில் இந்தப் பொருள் வருமா என்று சந்தேகமாக இருக்கிறது, உறுதி செய்யுங்கள் என்று கேட்டிருந்தாராம்.

"நீங்க என்ன எழுதினீங்க சார்?" என்று கலைவாணி கேட்டாள்.

"அவன் செய்து பார்க்காமல் எப்படிக் கேட்பான்? யோசித்துப் பார். அவன்தான் திருடன்."

"என்ன எழுதினீங்க சார்?"

"மீண்டும் செய்து பார்த்தோம், முப்பத்தேழுதான் என்று எழுதினேன்."

நான் பேனாவைப் பைக்குள் வைத்துவிட்டேன். ஒருமுறை தப்பாக அச்சானால் பிழை. ஒருவர் சுட்டிக் காட்டிக் கேட்ட பிறகும் அதுதான் சரி என்று எழுதிக் கொடுத்தால், அதைப் பிழை என்று யாரும் நம்ப மாட்டார்கள். பூட்டு உள்பக்கமாக விழுந்திருந்தது.

கலைவாணி குரலை உயர்த்தவில்லை. "முதல் பேர் என்னோடது சார். மறுபடி செஞ்சு பார்த்தது யாரு? நானா?" என்றாள்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். செவிலியர் வந்து நேரமாகிவிட்டது என்றார். நாங்கள் கதவருகே போனபோது சாஹேப், தனக்குத் தெரிந்த இரண்டே தமிழ் வார்த்தைகளைச் சொன்னார். ஒவ்வொரு உறையையும் ஒட்டிவிட்டு என்னிடம் கேட்பது அது: "சரியா, அண்ணா?" அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. அறுவைக்குப் போகிற மனிதரிடம் சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

திரும்பும் ரயிலில் கலைவாணி ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து எழுதி எழுதி அடித்தாள். அவளுக்கு முன்னால் மூன்று வழிதான் இருந்தது. முப்பத்தேழை அப்படியே விட்டுவிட்டால் கட்டுரை வரும், பட்டம் வரும். ஆனால் அவள் பெயரில் ஒரு பொய் நிரந்தரமாக நூலகங்களில் உட்கார்ந்திருக்கும். தட்டச்சுப் பிழை என்றால், கேட்ட மனிதர் சிரிப்பார், அல்லது புகார் செய்வார். உண்மையை எழுதினால் இதழ்க்காரர்கள் கட்டுரையைத் தூக்கி எறியலாம், கையெழுத்துப் போடவேண்டியவருக்கும் கோபம் வரும். முதல் தாளில் நடந்தது எல்லாவற்றையும் எழுதியிருந்தாள், சாஹேப் பெயர், பூட்டு, எல்லாம். படித்துவிட்டு நான் ஒன்றுதான் சொன்னேன்.

"யாரு செஞ்சதுன்னு அவங்களுக்கு எதுக்கும்மா? எது தப்புன்னு எழுது. அந்த ஆள் கேட்டது சரின்னு எழுது. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்."

"சாரைக் காப்பாத்துறீங்களா?"

"அவர் ஆபரேஷனுக்குப் போறார். திரும்பி வந்தா அவரே எழுதிக்கட்டும்."

லோனாவ்லா தாண்டும்போது கடிதம் நாலு வரிக்கு வந்திருந்தது. கட்டுரையில் உள்ள சூடு தவறு. சரியானது இருபத்தெட்டு. மதிப்பீட்டாளரின் கேள்விக்கு எங்கள் தரப்பில் அனுப்பிய பதிலும் தவறு, மறுபடி எந்தச் சோதனையும் செய்யப்படவில்லை. இதை அவருக்குக் காட்டி, கட்டுரையை என்ன செய்வது என்று தீர்மானியுங்கள். கீழே அவள் மட்டும் கையெழுத்துப் போட்டாள். மெய்ப்போடு ஃபாக்சில் போனது. உறையே இல்லை, ஒட்டுவதற்கு.

முடிவு தெரியவில்லை. கட்டுரையை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று மட்டும் ஒரு வரி வந்தது. மழை ஆரம்பித்து, முடிந்து, உதவித்தொகையும் நின்றது. கலைவாணி பிம்ப்ரியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் மாதிரி சோதிக்கும் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தாள். அப்பா குவார்ட்டர்ஸுக்குக் கெஞ்சிக் கூத்தாடி அவகாசம் வாங்கியிருந்தார். இப்போது அவள் ரயிலில் எனக்கு எதிர்த் திசையில் போனாள். தேஹு ரோடு நடைமேடையில் என்றாவது கண்ணில் பட்டால் கையை மட்டும் விரிப்பாள். ஒன்றும் வரவில்லை என்று அர்த்தம். நான் சொன்ன நாலு வரி அவளைக் கவிழ்த்துவிட்டதோ என்று எனக்குள் குடைந்துகொண்டே இருந்தது.

சாஹேப் மெலிந்து, நெஞ்சைக் கையால் பிடித்தபடி வேலைக்குத் திரும்பினார். எங்களை முன்பைவிடக் கூர்ந்து பார்த்தார். இதழாசிரியரிடம் நாங்கள் என்ன சொன்னோம் என்று மட்டும் கேட்கவில்லை. கடிதத்தின் நகலை அவர் மேஜையில் வைத்திருந்தேன். மறுநாள் அது அங்கே இல்லை.

பிறகு ஒருநாள் இதழாசிரியரிடமிருந்து பதில் வந்தது. கூடவே அந்த மதிப்பீட்டாளரின் குறிப்பு, பெயர் இல்லாமல். அன்று கலைவாணியையும் வரச் சொல்லியிருந்தேன். சாஹேப் அறையில் வைத்துத்தான் படித்தோம். கட்டுரையைப் படித்தபோதே தனக்கு வியப்பாக இருந்ததால், பூஞ்சையைப் பல சூடுகளில் வளர்த்துப் பார்த்ததாக எழுதியிருந்தார். முப்பத்தேழில் ஒன்றும் இல்லை. இருபத்தெட்டில் வந்தது. அதனால்தான் உறுதி செய்யச் சொல்லிக் கேட்டாராம். எங்கள் பதில் வந்ததும் குழம்பினாராம். இந்தக் கடிதத்துக்குப் பிறகு குழப்பம் இல்லை, அச்சிடுங்கள் என்று முடித்திருந்தார்.

அதாவது அந்த மனிதர் கையில் சாவி முதலிலிருந்தே இருந்தது. நாங்கள் இல்லை என்று சத்தியம் செய்த பிறகும் இருந்தது. தன் பெயரில் எழுதி அனுப்பியிருந்தால் கேட்க நாதி இல்லை. அவர் அனுப்பவில்லை.

கலைவாணி அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. சாஹேப் தாளை அவளிடமிருந்து வாங்கி இன்னொரு முறை படித்தார். மெல்ல அவர் முகம் மலர்ந்தது.

"பார்த்தாயா?" என்றார் என்னிடம். "நான் சொன்னேனே. அவன் செய்து பார்த்திருக்கிறான்."

கலைவாணி நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள், நிறுத்த முடியாமல். எனக்கும் தொற்றிக்கொண்டது. சாஹேப் எங்களை மாறி மாறிப் பார்த்தார், ஏதோ கூட்டுச் சதி நடப்பதுபோல. ஆனால் ஆய்வேட்டை அவள் கையிலிருந்து அவரே கேட்டு வாங்கினார். அவள் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

அந்த மதிப்பீட்டாளர் எதற்காகச் செய்து பார்த்தார்? நமக்கு உதவவா, தனக்கு வைத்துக்கொள்ளவா, பிறகு மனசு மாறினாரா? எனக்கு இன்னும் தெரியாது. நல்லவர் என்று நினைக்கத்தான் ஆசை. நினைத்துக்கொண்டே கொஞ்சம் சந்தேகமும் படுகிறேன். இந்த வேலையில் அந்தக் கொஞ்சம் வேண்டும். ஆனால் உங்கள் சந்தேகத்தைக் காகிதத்தில் போடுங்கள்: இந்த எண் சரியா, இந்தப் படம் இவருடையதா, இதைக் கடைசியில் யார் அச்செடுத்தார். ஆளின் மேல் போட ஆரம்பித்தால் நிறுத்த இடம் கிடைக்காது. நான் குல்கர்ணி மேல் போட்டேன், கலைவாணி என் மேல் போட்டாள், அந்த எண் மட்டும் பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் பிரிவிலிருந்து கிளம்பிய முதல் கட்டுரை குல்கர்ணியுடையது. பிரதிகளை அடுக்கி உறைக்குள் வைத்து, வழக்கம்போல சாஹேப் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் பசைப் புட்டியை என் பக்கம் நகர்த்தினார். "நீயே ஒட்டு" என்றார்.

ஒட்டி, ஓரத்தை நகத்தால் அழுத்தி, அவரிடம் கொடுத்தேன். "சரியா, சாஹேப்?" என்று கேட்டேன்.

அவர் தலையாட்டினார். பிறகு உறையை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தார்.